அரண்மனைக்காரத் தெருவும் கையெழுத்துப் போடாத நகரமும்

பாரிமுனையில் ஒரு தெரு இருக்கிறது. ஏட்டில் ஆர்மேனியன் தெரு. நம்ம சனங்க வாயில் அது அரண்மனைக்காரத் தெரு. அரண்மனை தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். 'ஆர்மேனியன்' என்கிற சொல் தமிழ்க் காதில் விழுந்து 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது, அவ்வளவுதான். வாழ்ந்த மண்ணிலிருந்து அடித்து விரட்டப்பட்ட ஒரு மக்களுக்கு இந்த நகரம் அறியாமலே கொடுத்திருக்கிற பட்டம் அது.

அந்தத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியன் சர்ச் இன்னும் நிற்கிறது. மணிக்கூண்டு இருக்கிறது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். கும்பிட ஆளில்லை. கல்கத்தாவில் இருக்கிற ஆர்மேனியர்கள்தான் பராமரிக்கிறார்கள். உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை 'அஸ்தரார்'. அது அச்சானது எரெவானில் அல்ல, கான்ஸ்டான்டிநோபிளில் அல்ல, 1794-இல் இங்கே, மெட்ராசில். நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்கிற பாதிரியார். அவர் கல்லறை அந்தச் சர்ச்சில்தான் இருக்கிறது. அதற்கும் முன்னால், ஷஹாமிர் ஷஹாமிரியன் என்கிற மெட்ராஸ் வியாபாரி, இல்லாத ஒரு சுதந்திர ஆர்மேனியாவுக்கு அரசியல் சட்டமே எழுதி இங்கே அச்சுப் போட்டிருக்கிறார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் முதல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். அவரும் ஆர்மேனியர். கே.கே. நகரிலிருந்து கிண்டிக்குப் போகிற நாமெல்லாம் தினமும் அந்த ஆற்றைத் தாண்டுகிறவர்கள்தான். மறைமலையடிகள் பாலம் என்று சொன்னால் தெரியும். உஸ்கான் என்றால் யாருக்கும் தெரியாது.

சரி, நகரத்தின் பழம்பெருமை பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். மெட்ராஸ் டே வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சர்ச்சுக்குப் போகிறார்கள். பாலம் கட்டியவன், பத்திரிகை போட்டவன், பணக்கார வியாபாரி என்று ஆர்மேனியரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மக்களுக்கு 1915-இல் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும். பாலம் கட்டியவனை ஞாபகம் வைக்கிற நகரம், கொல்லப்பட்டவனை ஏன் ஞாபகம் வைப்பதில்லை? ஆர்மேனியரோடு முடிகிற கேள்வி அல்ல இது. நம்ம கழுத்து வரைக்கும் வருகிற கேள்வி.

* * *

1915 ஏப்ரல் 24. ஒட்டோமான் துருக்கியின் தலைநகரம் கான்ஸ்டான்டிநோபிள். இரவோடு இரவாக ஆர்மேனியக் கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், வாத்தியார்கள், டாக்டர்கள், வக்கீல்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பெரும்பாலோர் திரும்பவில்லை. முதலில் பேசுகிற வாயை அடைத்தார்கள். பிறகு ஊர் ஊராக ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கிழடுகளையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். பசியில், தாகத்தில், கத்தியில், ஆற்றில் செத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பதுதான் பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது. வீடு, நிலம், கடை, சர்ச் எல்லாம் கைமாறியது. கைமாறிய சொத்தில் குடியேறியவர்கள் அண்டை அயலார்தான்.

இந்தக் குற்றத்துக்கு அன்றைக்கு உலகத்தில் பெயரே இல்லை. போலந்து யூதரான ரஃபேல் லெம்கின் 1944-இல் 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கினார். ஆர்மேனியருக்கு நடந்ததும் யூதருக்கு நடந்துகொண்டிருந்ததும் அவர் கண்முன் இருந்தன. 1948 டிசம்பர் 9-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை அதை ஒப்பந்தமாக்கியது. இனப்படுகொலை என்று நாம் தமிழில் சொல்கிறோம்.

துருக்கி அரசு இன்று வரை அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அது போர்க்காலம், இரண்டு பக்கமும் சாவு, ஆர்மேனியரும் ஆயுதம் தூக்கினார்கள், இடம் மாற்றியது பாதுகாப்புக்காக. தோழர்களே, இந்த வாசகங்கள் எங்கேயோ கேட்டமாதிரி இல்லையா? 'இரு தரப்பு மோதல்.' 'ஆத்திரமூட்டும் பேச்சு.' 'அவங்களும்தான் கல்லெறிஞ்சாங்க.' துருக்கி மொழி தெரியாமலேயே நமக்கு அர்த்தம் புரிகிறது. ஏனென்றால் நம்ம ஊர் தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் பேசுகிற மொழி அது.

* * *

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பேரேடும் பாக்கியும்தான். அங்கே கற்ற ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும்.

ஒருவர் கடன் வாங்குகிறார். கட்டவில்லை. மூன்று வருஷம் ஓடிவிட்டால் சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடுகிற உரிமை போய்விடும். காலாவதி. அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. அந்த மூன்று வருஷத்துக்குள் கடன்காரரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும்: 'இன்ன தேதியில் நான் இவ்வளவு பாக்கி வைத்திருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.' அவ்வளவுதான் வாசகம். ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து கடனுக்கு மறுபடி உயிர் வந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கையெழுத்து போட வேண்டியவன் கடன்பட்டவன். கொடுத்தவன் எத்தனை தாளில், எத்தனை முறை எழுதி வைத்தாலும் செல்லாது. இரண்டு, ஒப்புதல் வேறு, அடைப்பு வேறு. கையெழுத்தோடு கணக்கு முடிவதில்லை, ஆரம்பமாகிறது. அதனால்தான் பெரிய கையெல்லாம் அந்தத் தாளைக் கண்டால் பேனாவைத் தேடாமல் வக்கீலைத் தேடுகிறது.

கொலைக்குச் சட்டத்தில் காலாவதி கிடையாது. ஊர் ஞாபகத்தில் உண்டு. கொன்றவனின் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தவனின் பிள்ளைகளும் 'அப்படி ஒண்ணு நடந்ததா?' என்று கேட்க ஆரம்பிக்கிற அன்றைக்குக் கடன் காலாவதி. நினைவுச்சின்னம் என்று நாம் சொல்கிறோமே, அது அலங்காரமோ துக்கம் தீர்க்கிற சடங்கோ கிடையாது. ஒரு சமூகம் பொதுஇடத்தில், எல்லோர் கண்முன்னால் போடுகிற கடன் ஒப்புதல் கையெழுத்து. எதற்காகத் துருக்கி ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்படுகிறது என்பது இப்போது புரியும்.

* * *

நகரங்கள் இந்தக் கையெழுத்தை எப்படிப் போட்டன? மூன்று நகரங்களைப் பார்ப்போம்.

முதலாவது எரெவான். ஆர்மேனியாவின் தலைநகரம். சோவியத் ஆட்சியில் இனப்படுகொலை பற்றிப் பொதுவில் பேச முடியாது. தேசியவாதம் என்று முத்திரை குத்துவார்கள். 1965 ஏப்ரல் 24, ஐம்பதாம் ஆண்டு. லட்சம் பேர் என்று சொல்லப்படுகிற கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது. மாணவர்கள், தொழிலாளிகள், தப்பிப் பிழைத்த கிழவிகள். அரசு அடக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் திணறியது. இரண்டே வருஷத்தில், 1967-இல், சித்செர்னகபெர்த் குன்றின் மேல் நினைவகம் எழுந்தது. சாய்ந்து நிற்கிற பன்னிரண்டு கற்பாளங்கள், நடுவில் அணையாத தீ. பக்கத்தில் 44 மீட்டர் உயரத்துக்கு ஒரு கற்கூர். ஒவ்வொரு ஏப்ரல் 24-ஆம் தேதியும் ஊரே பூவோடு மலையேறுகிறது. இது அரசு மனமிரங்கிக் கொடுத்ததா? தெரு வாங்கியது.

இரண்டாவது இஸ்தான்புல். துருக்கியக் குடிமகனான ஆர்மேனியர் ஹ்ராந்த் திங்க், 'ஆகோஸ்' என்ற சிறிய பத்திரிகையின் ஆசிரியர். துருக்கிய மொழியிலும் ஆர்மேனிய மொழியிலும் அதை நடத்தினார். இரண்டு மக்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்றவர். துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தினார் என்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 2007 ஜனவரி 19-ஆம் தேதி பத்திரிகை அலுவலக வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அவர் இறுதி ஊர்வலத்தில் துருக்கியர்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள். 'நாங்கள் எல்லோரும் ஹ்ராந்த் திங்க், நாங்கள் எல்லோரும் ஆர்மேனியர்' என்ற அட்டைகளைப் பிடித்துக்கொண்டு. அரசு போடாத கையெழுத்தைத் தெரு போட்டது. அவர் விழுந்த நடைபாதையில் இன்றைக்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தியார்பகிர். துருக்கியின் தென்கிழக்கில், குர்து மக்களின் பெருநகரம். குர்துகள் யார்? தாய்மொழி தடை செய்யப்பட்டவர்கள், ஊர் ஊராக எரிக்கப்பட்டவர்கள், துருக்கி அரசின் கீழ் ஒடுக்கப்பட்டவர்கள். ஆனால் 1915-இல் அரசு ஏவ, குர்துக் குழுக்கள் பலவும் ஆர்மேனியரைக் கொன்றன. நிலத்தை எடுத்துக்கொண்டன. ஒடுக்கப்பட்டவன், ஒடுக்கியவன் இரண்டும் ஒரே உடம்பில். அந்த நகரத்தில் இடிந்து கிடந்த சுர்ப் கிராகோஸ் என்ற ஆர்மேனியன் சர்ச்சை நகராட்சியும் காசு போட்டுப் புதுப்பித்தது. 2011-இல் திறந்தார்கள். 2013-இல் பழைய நகரமான சூரின் நகராட்சி, பொது மனசாட்சிக்கு என்று ஒரு நினைவுச்சின்னம் வைத்தது. மேயர்கள் குர்துகள். எங்கள் பாட்டன்மாரும் இதில் பங்கெடுத்தார்கள் என்று சொல்கிற துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. தன் மேல் கால் வைத்திருக்கிறவனைக் காட்டி, தன் காலுக்குக் கீழே இருப்பவனை மறைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பார்ப்பனியத்தால் சூத்திரன் என்று இழிவுபடுத்தப்பட்டோம் என்று சொல்கிற இடைநிலைச் சாதிகள். சொல்வது உண்மை. ஆனால் வெண்மணியில் தீ வைத்தது யார்? மேலவளவில் பஸ்ஸை மறித்தது யார்? தியார்பகிரின் மேயர்களால் முடிந்தது, நம்முடைய பெரியார் பிறந்த மண்ணின் தலைவர்களால் ஏன் முடியவில்லை?

* * *

இப்போது அரண்மனைக்காரத் தெருவுக்குத் திரும்புவோம். தெருமுனைக்கு வந்தால் என்.எஸ்.சி. போஸ் ரோடு. எதிர்ப்புறம் சிவப்பு மாடங்களோடு உயர் நீதிமன்றம். நடந்தால் ஐந்து நிமிஷம்.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டு, செங்கொடி பிடித்த சனங்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத்து மிராசுகளின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தபோது, பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளும் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 உயிர். நாகப்பட்டினத்துக் கோர்ட்டு 1970-இல் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் சிலரையும் தண்டித்தது. இந்தச் சிவப்புக் கட்டடம் 1970களில் அவர்களை விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற போக்கில் தீர்ப்பு போனது. காரும் நிலமும் இருந்தால் குற்றம் செய்ய முடியாது என்பது எந்த ஊர்ச் சட்டம்? குடிசைக்குள் செத்தவனுக்குக் கார் இல்லை என்பதால் அவன் சாவும் நம்பத்தக்கதாக இல்லாமல் போய்விட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். வெண்மணிக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை கமிஷனை வைத்தது. எதை விசாரிக்க? கூலியை! 1969-இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. கூலி உயர்வு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எரித்தது சாதி என்பதைக் 'கூலித் தகராறு' என்ற சொல் விழுங்கிவிட்டது. துருக்கிக்குப் 'போர்க்காலம்', நமக்குக் 'கூலித் தகராறு.' பெயரை மாற்றினால் குற்றத்தை மாற்றிவிடலாம்.

அந்த 1968-ஆம் வருஷம் இந்த நகரத்துக்கு மறக்க முடியாத வருஷம். ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. கடற்கரைச் சாலையில் கண்ணகி, வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன் என்று வரிசையாகச் சிலைகள் நட்டார்கள். நீதி கேட்டு ஊரை எரித்தவளுக்குச் சிலை வைத்த அதே வருஷத்துக் கடைசியில், கூலி கேட்டவர்களை ஊரே எரித்தது. ஜனவரி நம் ஞாபகத்தில் கல்லாக நிற்கிறது. டிசம்பர் எங்கே நிற்கிறது?

வெண்மணியில் நிற்கிறது என்பார்கள். ஆமாம், மார்க்சிஸ்ட் கட்சி அங்கே நினைவிடம் எழுப்பியது. வருஷா வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி சனங்கள் கூடுகிறார்கள். மேலவளவிலும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனுக்கும் உடன் செத்தவர்களுக்கும் விடுதலைக் களம் இருக்கிறது. தாமிரபரணியில் 1999 ஜூலை 23-ஆம் தேதி செத்த 17 பேருக்கு வருஷா வருஷம் ஆற்றில் பூத்தூவுகிறோம். எல்லாம் நாம் எழுதிய தாள்கள். பாக்கி வரவேண்டியவன் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள். நமக்கு அவை உயிர். ஆனால் கடன்பட்டவன் கையெழுத்து எங்கே?

இந்த நகரத்துக்கு ஞாபகம் வைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும். நான் குடியிருக்கும் பேட்டைக்கே ஒரு முதலமைச்சர் பெயர், கலைஞர் கருணாநிதி நகர். ஒட்டியே எம்.ஜி.ஆர். நகர். பெயர் வைப்பதில் சோம்பலே கிடையாது. 2005 டிசம்பர் 18-ஆம் தேதி விடியலில் இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே, வெள்ள நிவாரண டோக்கனுக்கு வரிசையில் நின்று, பள்ளிக்கூட வாசலில் மிதிபட்டுச் செத்தவர்கள் 42 பேர். அது சாதிப் படுகொலை அல்ல, வேறு கணக்கு. ஆனாலும் அந்த வழியாகத் தினம் போகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் தேதியை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று. தலைவன் பெயர் தெருவுக்கு, ஏழை சாவு பேப்பருக்கு.

மொழிப்போரை எடுத்துக்கொள்வோம். நடராசன் 1939-இல் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டுச் செத்தார். நம்ம ஆள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். தாளமுத்துவும் அதே வருஷம். மூலக்கொத்தளத்தில் நினைவிடம், எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை, வருஷா வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி வீரவணக்கம். வணங்க வேண்டியவர்கள்தான், வணங்குகிறோம். ஆக, தலித் ஒருவன் தமிழுக்காகச் செத்தால் இந்த நகரம் மாளிகை கட்டும். தமிழன் கையால் செத்தால்?

தலைவர்களுக்கு மண்டபம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. அண்ணலுக்கு மணிமண்டபம், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசனுக்கு, 2023-இல் பண்டிதர் அயோத்திதாசருக்கு. போராடி வாங்கியவை, வேண்டியவை. ஆனால் தலைவர் சிலை யாரையும் 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்பதில்லை. எல்லாக் கட்சிக்காரனும் மாலை போட்டுவிட்டுப் போகலாம். 44 பெயர் செதுக்கிய ஒரு கல்லுக்கு மாலை போடுகிறவன், யார் எரித்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் தலைவருக்குக் கிடைக்கிற இடம் கொல்லப்பட்டவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அரசு கொல்லப்பட்டவர்களுக்கு மண்டபமே கட்டுவதில்லையா என்றால், கட்டுகிறது. 1987-இல் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிச் செத்த 21 பேருக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். அந்த 21 பேரும் ஏழைகள்தான். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அதே விழுப்புரத்தில் 1978-இல் பெரிய காலனியைச் சேர்ந்த தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்களே, அவர்களுக்கு அரசு கட்டிய மண்டபம் எங்கே? ஒரே ஊர், இரண்டு பட்டியல். வாக்குவங்கி என்றொரு சொல் இருக்கிறதே, அந்த வங்கியில் சிலருக்கு மட்டும்தான் கணக்கு.

* * *

எதிர்க்கேள்விகள் வரும். பதில் சொல்லிவிடுவோம்.

'ஆர்மேனியாவில் பத்து லட்சம், வெண்மணியில் நாற்பத்து நாலு. இரண்டும் ஒன்றா?' ஒன்றில்லை. ஒரு அரசு திட்டமிட்டு ஒரு மக்களையே துடைத்தெறியப் பார்த்தது அங்கே. இங்கே நடந்ததை அந்தச் சொல்லால் நான் அழைக்கவில்லை. 1948 ஒப்பந்தத்தில் தேசியம், இனக்குழு, இனம், மதம் என்று நாலு வகைக் குழுக்கள்தான் இருக்கின்றன. சாதி இல்லை. நமக்கென்று வன்கொடுமை என்ற சொல் இருக்கிறது, 1989-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. நான் பிணங்களை எண்ணி ஒப்பிடவில்லை. மறுப்பை ஒப்பிடுகிறேன். மறுக்கிற முறை ஒன்றாக இருக்கும்போது, மறுப்பை உடைத்த முறையை நாம் கற்றுக்கொள்ளலாம்.

'நடந்தது கிராமத்தில், கல் எதற்குச் சென்னையில்?' துப்பாக்கி லைசென்ஸும் போலீஸ் உத்தரவும் கமிஷனும் விடுதலைத் தீர்ப்பும் எங்கிருந்து போயின? கிராமம் குற்றம் செய்தது, தலைநகரம் ரசீது கொடுத்தது. தவிர, நகரத்தில் நடக்கவில்லையா? 1921-இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அதைத் 'தொழிற்சங்க வரலாறு' என்று படிக்கிறோம். எரிந்த குடிசைக்காரனின் வரலாறாகப் படிப்பதில்லை.

'பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள், ஒற்றுமை கெடும்.' இதைச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2021 ஜனவரி 8-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். தமிழ்நாடே கொதித்தது, நாமும் கொதித்தோம். நினைவை இடிப்பது இரண்டாம் கொலை என்று அன்றைக்கு எல்லாக் கட்சிக்காரருக்கும் தெரிந்திருந்தது. தஞ்சாவூர் பக்கம் விளாரில் 2013-இல் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்தபோது அங்கே போய் அழுதவர்களில் தலித்துகள் இல்லையா? அதே பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் வெண்மணி இருந்தது. சிங்கள அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஜெனீவா வரைக்கும் போகிற தமிழர்கள், தன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிற தாளில் கையெழுத்துப் போட வேண்டாமா? ஈழத்து நியாயத்தை நான் குறைக்கவில்லை. அதன் பலத்தைக் கூட்டுகிற வழியைத்தான் சொல்கிறேன்.

'ஒரு கல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?' ஆகாது. ஒப்புதல் வேறு, அடைப்பு வேறு என்று முன்பே சொன்னேன். மேலவளவுக் கொலையாளிகளில் 13 பேரை 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி முன்கூட்டியே வெளியே விட்டார்கள். ஒரு தலைவர் பிறந்த நாள் கொலைகாரனுக்குப் பரிசாகிற நாட்டில் கல் மட்டும் என்ன செய்யும்? ஆனால் கையெழுத்து சாத்தியம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து பழங்குடி மக்களைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். 2011-இல் தருமபுரிக் கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி அதை உறுதி செய்ததும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு பத்து லட்சம் இழப்பீடு சொன்னதும் யார்? அதே சிவப்புக் கட்டடம். முப்பத்தொரு வருஷம். காரணம் கட்டடத்தின் கருணை அல்ல. மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்களும் அந்தப் பெண்களும் கோர்ட்டுப் படியை விட்டு இறங்காததுதான்.

* * *

ஆகவே கேட்பது இதுதான்.

கடற்கரைச் சாலையில் 1968 ஜனவரியின் சிலை வரிசை நிற்கிறதே, அதன் பக்கத்தில் 1968 டிசம்பருக்கு ஒரு கல். சிலை வேண்டாம், கோபுரம் வேண்டாம். 44 பெயர், வயது, ஊர், தேதி. எரித்தது யார், விட்டது எது என்று ஒரு வரி. கீழே 'தமிழ்நாடு அரசு' என்று கையெழுத்து. கட்சி கட்டித் தருகிறேன் என்றாலும், நாமே வசூல் பண்ணிக் கட்டலாம் என்றாலும் ஒப்பக்கூடாது. அரசு கட்ட வேண்டும், அரசு கையெழுத்துப் போட வேண்டும். கடன் அதனுடையது. வெண்மணியில் தொடங்கட்டும். விழுப்புரம், மேலவளவு, தாமிரபரணி, 2011 செப்டம்பர் 11-ஆம் தேதி ஆறு பேரைச் சுட்ட பரமக்குடி என்று பட்டியல் பின்னால் வரும். கல்லுக்கு இடம் நிறைய வேண்டும். டிசம்பர் 25-ஆம் தேதி பள்ளிக்கூடம் லீவு. ஆகவே 24-ஆம் தேதியே வகுப்பில் அந்தப் பெயர்களை வாசிக்கட்டும்.

அதுவரைக்கும் நாம் சும்மா இருக்கப் போவதில்லை. எரெவான் தெரு எப்படி வாங்கியதோ அப்படித்தான் வாங்க வேண்டும். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த ஏப்ரல் 24-ஆம் தேதி அரண்மனைக்காரத் தெருவுக்கு வாருங்கள். ஷ்மவோனியன் கல்லறை இருக்கிற அந்தச் சர்ச் வாசலில் பத்து பேர் நின்று 1915-ஐப் பற்றிப் பேசுவோம். இந்திய அரசு அதை இனப்படுகொலை என்று இன்னும் அறிவிக்கவில்லை. நாம் அறிவிப்போம். இந்த ஊரில் பத்திரிகை போட்டுவிட்டுப் போன ஒரு மக்களுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை அது. தன் சாவுக்கு மட்டும் அழுகிறவன் நியாயம் கேட்கவில்லை, பங்கு கேட்கிறான்.

பேசி முடித்ததும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டைத் தாண்டி, அந்தச் சிவப்புச் சுவருக்கு எதிரில் நின்று 44 பெயர்களையும் சத்தமாக வாசிப்போம். போலீஸ் வந்து என்ன தகராறு என்று கேட்டால், தகராறு ஒன்றும் இல்லை சார், பாக்கி கேட்க வந்திருக்கிறோம் என்று சொல்வோம்.